சண்டைகளுக்குப் புள்ளி போட்டவர்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ உருகிப்போய் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். பெயரையும் எழுதப்போவதில்லை. எங்கள் கடைக்கு வந்த பொடியன்கள் அவரை முகத்துக்கு நேரே “அண்ணை” என்றார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு “நீதவான்” என்றார்கள். நானும் நேரே அண்ணை என்றுதான் சொன்னேன். மனதுக்குள் சொன்னதையெல்லாம் அச்சில் போட முடியாது.

கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். உட்துறைமுகப் பக்கம், குடாவைத் தாண்டி மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு வெளிக்கிடும் துறையிலிருந்து நாலு நிமிட நடை. நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த வருஷங்களில், லண்டனில் இருந்த சித்தப்பா இரண்டு கேம் பெட்டிகளைக் கொண்டுவந்து தந்து, “இதை வைச்சு ஏதாவது செய் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு டிவியையும் ஐந்து பிளாஸ்டிக் கதிரைகளையும் போட்டுக் கதவைத் திறந்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள், லோஞ்சுக்குக் காத்திருக்கிறவர்கள், வேலை தேடி அலுத்தவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று விளையாடினார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, “நேரம் முடிஞ்சுது, எழும்பு” என்று கத்துவேன். அதுதான் என் தொழில்.

இவர் அன்புவழிபுரத்திலிருந்து வருவார். ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறக்கும்போதே படியில் நிற்பார். தலையைப் படிய வாரி, நீளக்கைச் சட்டையின் பொத்தான்களையெல்லாம் பூட்டி, கந்தோருக்குப் போகிற ஆள் மாதிரி வருவார். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்காக இருந்தவர் என்றும், படைக்காரர் உள்ளே போகிற பாஸைப் புதுப்பித்துக் கொடுக்காததால் வேலை போய்விட்டது என்றும் அம்மா எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் அரை மணித்தியாலம் தானே விளையாடுவார். பிறகு ஒரு கதிரையைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விளையாடுகிறவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மத்தியானம் வரை தீர்ப்புச் சொல்வார்.

அவருக்கு இருந்த ஒரே கதை, எந்த ஆட்டத்தில் சண்டை நல்ல சண்டை என்பது. கதாநாயகன் யார், எதற்காகக் கொல்கிறான், படம் எவ்வளவு வடிவு, ஒன்றும் அவருக்குத் தேவையில்லை. புதுச் சீடி ஒன்றைப் போட்டால் போதும், கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். அடிக்கு நிறை இருக்குதோ? மறிக்க ஏலுமோ? பத்துப் பேர் சூழ்ந்தால் ஒராள் ஒராளாக வருவாங்களோ, எல்லாரும் சேர்ந்து வருவாங்களோ? அடிக்கத் தொடங்கின பிறகு மனம் மாற ஏலுமோ? இந்தக் கடைசிக் கேள்வியை விளக்க மட்டும் எழுந்து நிற்பார்.

“வாளை ஓங்கியாச்சு. அந்த நேரம் பக்கத்தால இன்னொருத்தன் வாறான். இப்ப ஓங்கின கையை விட்டிட்டு விலத்த ஏலுமோ, ஏலாதோ? ஏலாட்டி அது சண்டை இல்லை தம்பி. நீ படம் பாக்கிறாய், அவ்வளவுதான்.”

பிறகு பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவார். தடியன் ஒருவன் கோடாலியோடு திரிகிற ஆட்டம் ஒன்று இருந்தது. பொடியன்களுக்கு அதில் உயிர். இவர் ஐந்து போட்டார். “கோடாலி இறங்குது, எலும்பு முறியிற சத்தம் கேக்குது, ஆனா அடிவாங்கினவன்ர உடம்பு அசையேல்லை. சத்தத்துக்கு ரெண்டு, மிச்சத்துக்கு மூண்டு.” இரட்டை வாள் ஆட்டத்துக்கு நாலு. அதில் ஒரு கூட்டமே சுற்றி நிற்கும், ஒருவன் மட்டும் முன்னால் வந்து அடிவாங்கி விழுவான், அவன் விழுந்த பிறகு அடுத்தவன் வருவான். “மற்றவங்கள் என்ன செய்யிறாங்கள்? வரிசையில நிண்டு அடிவாங்க இதென்ன கூப்பன் அரிசி குடுக்கிற சங்கக்கடையோ?” என்று இவர் கேட்டபோது பொடியன்கள் கதிரையை விட்டு விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மணிக்கூட்டைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒருத்தன் கொழும்புக்குப் போய் ஆசை ஆசையாக வாங்கி வந்த சீடிக்கு இரண்டு புள்ளி போட்டார். அவன் அதை எங்கள் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். மனிதன் ஒரு சந்தோஷத்தை உயிரோடு விட்டுவைக்க மாட்டார்.

கடைக்கு வெளியிலும் இதே விசர்தான். ஒருநாள் லோஞ்ச் வரிசையில் இடம்பிடிக்கிற தகராறில் இரண்டு பேர் எங்கள் வாசலுக்கு முன்னாலேயே அடிபட்டார்கள். ஒருத்தனுக்கு மூக்கால் ரத்தம். நான் விலக்கப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்கிறேன், இவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, “மறிப்பே இல்லை. ரெண்டு பேரும் ஒரே அடியைத்தான் திருப்பித் திருப்பி அடிக்கிறாங்கள். மூண்டு குடுக்கலாம்” என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “உங்களுக்கு மனிசத்தன்மை எண்டு ஒண்டு இருக்குதோ அண்ணை?” என்று கேட்டேன். “ஏன் தங்கச்சி, கூடப் போட்டிட்டனோ?” என்றார். அவ்வளவு விளக்கம்.

கடற்படையில் இருந்த சிங்களப் பொடியன் ஒருவன் லீவு நாட்களில் சாதாரண உடுப்பில் வருவான். அவன் வந்தால் கடை மௌனமாகிவிடும். எல்லாரும் திரையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொள்வார்கள், நானும் நேரம் முடிந்தாலும் சொல்லமாட்டேன். இவருக்கு மட்டும் அந்தப் பயமெல்லாம் கிடையாது. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவன் தோளில் தட்டி, எல்லாப் பொத்தானையும் ஒரேயடியாக அமத்தாதே, இது பியானோ இல்லை என்று ஏசினார். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், பிறகு இவர் சொன்னபடியே மறித்து அடிக்கப் பழகினான். அன்று பின்னேரம் அம்மா, “அந்த மனிசனுக்கு ஒண்டில் பயம் இல்லை, இல்லாட்டி மூளை இல்லை” என்றார். நான் இரண்டாவதைத்தான் நம்பினேன்.

இத்தனை ஆட்டங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய மனிதர் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒன்பது புள்ளி போட்டிருந்தார். அதன் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சீடியிலும் திரையிலும் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஈட்டி வைத்திருக்கிற ஒரு பெண் பாலம் பாலமாகச் சண்டை பிடித்துக்கொண்டு போவாள், அதனால் நாங்கள் ஈட்டிக்காரி என்றோம். தொடங்கும்போது ஏதாவது ஒன்றை அமத்தச் சொல்லி மூன்று வரி வரும். கடையில் அந்தச் சீடியை முதலில் போட்டவர் இவர். எதையோ அமத்தி மூன்றாவது வரியால் உள்ளே போனார், அன்றிலிருந்து எல்லாருக்கும் அதுதான் வழி. முதல் இரண்டு வரியையும் தொட்டால் மெமரி கார்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டான். நாங்களும் நம்பி, இரண்டு வருஷம் அதைத் தொடாமல் இருந்தோம்.

ஈட்டிக்காரியைப் பற்றிக் கதைத்தால் அந்த மனிதரின் குரலே மாறிவிடும். “பாருங்கோ, அவள் விழுந்திட்டாள். எதிரி என்ன செய்யிறான்? ரெண்டு அடி பின்னால போய் நிக்கிறான். எழும்பட்டும் எண்டு நிக்கிறான். உது மரியாதை. மற்ற ஆட்டங்களில உந்த மரியாதை இல்லை.” சங்கக்கடை வரிசை என்று வேறொன்றைக் கிழித்தவர்தான் இதைச் சொன்னார். நான் ஒருநாள் அதைச் சுட்டிக்காட்டினேன். கோடாலி ஆட்டத்தில் விலத்துவதுதான் இதைவிடத் திறம் என்றும் சேர்த்துச் சொன்னேன். கடை நிறைய ஆட்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “தங்கச்சி, நீங்கள் நேரத்தைப் பாருங்கோ, அடியை நாங்கள் பாக்கிறம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று முதல் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்த மனிதனின் வாயை எல்லாருக்கும் முன்னால் ஒருநாள் அடைக்க வேண்டும். அதற்குக் காரணம் வெறும் கோபம் மட்டுமில்லை. தினமும் ஏழரைக்கு, கடை திறக்க முன்னர், நான் தனியே இருந்து ஈட்டிக்காரி விளையாடுவேன். ஆறாவது பாலத்தை ஒரு அடிகூட வாங்காமல் கடப்பேன், அது அவரால் ஒருநாளும் ஏலாத காரியம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நேரம் பார்க்கிறவள் என்று என்னை ஒதுக்கிய ஆளைவிட நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்குள் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

வாய்ப்பு தானாக வந்தது. பழைய வான், கார் வாங்கி விற்கிற ஒருவர் தன் மகனைக் கூட்டிப்போக வந்தார். ஜப்பானில் ஆறு வருஷம் நின்று வேலை செய்தவர். திரையில் அந்த மூன்று வரியும் நிற்பதைப் பார்த்துவிட்டு, “இதையோ பிள்ளை விளையாடுறீங்கள்?” என்று கேட்டார். “ஏன் ஐயா, வாசிக்கத் தெரியுமோ?” என்றேன். “ஓம். முதலாவது கஷ்டம், ரெண்டாவது சாதாரணம். மூண்டாவதில, முதல்முறை விளையாடுற சின்னப்பிள்ளையளுக்கு எண்டு போட்டிருக்கு.”

நல்லவேளை, அந்த நேரம் கடையில் அவர் மகனைத் தவிர யாருமில்லை. அடுத்த மூன்று நாளும் நான் நடந்த நடையைப் பார்த்து அம்மா, “என்னடி, வெளிநாட்டு மாப்பிள்ளையோ?” என்று கேட்டார். சனிக்கிழமை வரை பொத்தி வைத்தேன். நானும் அதே மூன்றாவது வரியில்தான் விளையாடினேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அவருக்கு ஏலாத ஆறாவது பாலத்தையே கடக்கிற எனக்கு முதல் வரியும் பெரிய காரியமில்லை என்று நினைத்தேன். ஒருமுறை சோதித்துப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு திமிர்.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. அவர் மரியாதை, எதிரி பின்வாங்கி நிற்கிறது என்று தொடங்கியதும் நான் எழுந்தேன்.

“அண்ணை, உங்கட எதிரி மரியாதைக்கு நிக்கேல்லை. நீங்கள் சின்னப்பிள்ளையளின்ர ஆட்டம் விளையாடுறீங்கள். மூண்டாவது வரி குழந்தைப்பிள்ளையளுக்கு. ஜப்பானில இருந்து வந்தவர் வாசிச்சுச் சொன்னவர். முதலாவதை அமத்துங்கோ பாப்பம்.”

கடை அதிர்ந்தது. இரண்டு வருஷமாக அவரிடம் பேச்சு வாங்கிய அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முதல் வரியை அமத்தினார். முதல் பாலத்திலேயே ஈட்டிக்காரி செத்தாள். எதிரிகள் ஒருவருக்கொருவர் இடம்விடவில்லை, ஒன்றாகப் பாய்ந்தார்கள், விழுந்தவளை எழும்ப விடாமல் குத்தினார்கள். இரண்டாம் முறையும் செத்தாள். மூன்றாம் முறை பாலத்தில் கால் வைக்கவே இல்லை. “நீதவானுக்கு எத்தினை புள்ளி?” என்று ஒருத்தன் நேரேயே கேட்டான். அவருடைய காது மடல்கள் சிவந்துவிட்டன. எனக்கு மனம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அவர் ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினார்.

“நீங்கள் பிடியுங்கோ தங்கச்சி. காலமையில விளையாடுறனீங்கள்தானே.”

“ஆர் சொன்னது?”

“நான் ஒன்பது மணிக்கு வரேக்க பெட்டி சுடுகுது.”

அத்தனை மாதமும் தெரிந்து வைத்திருந்திருக்கிறார், ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அதை யோசிக்க நேரமில்லை. வாங்கினேன், இருந்தேன். பொடியன்கள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால். பத்து விநாடி இருக்கும். ஈட்டியை ஒருமுறைதான் வீசினேன். அவரைவிடக் கெதியாகச் செத்தேன்.

“அக்காவும் சின்னப்பிள்ளை வரிதான்!” என்று எவனோ கத்தினான். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவரை அடித்துவிட்ட உற்சாகம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நாளைக்கு நான் நேரம் முடிஞ்சுது எழும்பு என்றால் இதுகள் எழும்புமா என்று நினைத்தேன். எழுந்து குசினிக்குள் ஓடலாமென்றால் வழியில்லை, அவ்வளவு சனம்.

“பொறுங்கோ, பொறுங்கோ” என்றார் அவர். அந்தத் தீர்ப்புக் குரல். “என்னத்துக்குச் சிரிக்கிறியள்? அவவின்ர கையில பிழை இல்லை. அடி வாறதுக்கு முதல் எதிரியின்ர தோளில ஒரு அசைவு வரவேணும். உதில அது இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடியை ஆர்தான் மறிக்கிறது? விழுந்த ஆளை எழும்ப விடாமல் அடிக்கிறது சண்டையோ? எதிரிக்கு வேகத்தை மட்டும் கூட்டி வைச்சிட்டுக் கஷ்டம் எண்டு எழுதியிருக்கிறான். அமைப்பே பிழை. நான் இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை. மூண்டு புள்ளி.”

“ஒன்பது எண்டனீங்களே அண்ணை?” என்றான் ஒருத்தன்.

“மூண்டு.”

அவர் சொன்னால் சொன்னதுதான். சிரித்தவர்கள் ஈட்டிக்காரியைத் திட்டத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் என்னை மறந்துபோனார்கள். எதிரியின் தோளில் அசைவு இருந்தது. நான் பார்த்தேன். மறிக்கத் தெரியாமல்தான் செத்தேன், அது அவருக்கும் தெரியும்.

இதற்குப் பிறகாவது எனக்கு அவரைப் பிடித்துப்போயிருக்க வேண்டும் என்பீர்கள். இல்லை. முன்னைவிட எரிச்சல் கூடியது. யார் கேட்டது அந்தத் தயவை? திங்கட்கிழமை வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தார். நான் பழக்கத்தில் ஈட்டிக்காரியை எடுத்தேன். “அது வேண்டாம், கோடாலியைப் போடுங்கோ” என்றார். ஐந்து புள்ளிக் கோடாலியை, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் விளையாடினார். அடுத்த நாளும் கோடாலி. அந்த மனிதரிடம் ஆசை என்று ஒன்று இருந்தால் அது ஈட்டிக்காரி மேல்தான் இருந்தது, எல்லாருக்கும் முன்னால் மூன்று என்று சொல்லிவிட்டதால் பிறகு அதைத் தொடவில்லை. எனக்குத்தான் ஏலாமல் போனது, ஆட்டத்தில் பிழையில்லை என்று ஒரு வசனம் நான் எழுந்து சொல்லியிருந்தால் போதும். மாதக்கணக்கில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தையெல்லாம் கோபமாக்கி அவர் மேலேயே கொட்டினேன். அவருக்குக் கொடுக்கிற தேத்தண்ணிக்குச் சீனி குறைத்துக்கூடப் போட்டேன்.

சண்டை திரும்பி வந்தது. குடாவுக்கு அங்காலிருந்து செல் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் பொடியன்களை வீட்டில் வெளியே விடவில்லை. லோஞ்ச் ஓடுகிற நாட்களும் குறைந்தன. கடைக்கு வந்தவர் கடைசியில் இவர் ஒருவர்தான். அந்த வயது ஆண்கள் தெருவில் இறங்கவே யோசித்த காலத்தில், சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கோடாலி விளையாட வந்தார்.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும், தெருவில் ராணுவத்தின் ஒலிபெருக்கி. சுற்றிவளைப்பு, எல்லாரும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். நான் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். அம்மா குசினியில் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். இவர் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார், முன்பையில் வைத்தார், திரும்ப எடுத்துப் பார்த்தார். விரல்கள் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டேயிருந்தன. கடற்படைப் பொடியனின் தோளில் தட்டிய விரல்கள்தான்.

எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. ஈட்டிக்காரியைப் போட்டேன். மூன்றாவது வரியில் நிறுத்தி ஜாய்ஸ்டிக்கை நீட்டினேன்.

“விளையாடுங்கோ அண்ணை.”

“அது மூண்டு புள்ளிச் சண்டை.”

“இஞ்ச ஒருத்தரும் இல்லை. ஆரும் பாக்கேல்லை.”

“நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்.”

“அண்டைக்கு எனக்குத்தான் ஏலாமல் போனது அண்ணை. ஆட்டத்தில பிழை இல்லை.”

“தெரியும்” என்றார். “நீங்கள் விளையாடுங்கோ, நான் இருக்கிறன்.”

அன்று எங்கள் வாசலைக் கடந்து போனார்கள், உள்ளே வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் வெளியே விட்டார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு வரவில்லை. கொழும்பில் கண்டதாக ஒருத்தன் சொன்னான், இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று இன்னொருத்தன் சொன்னான். எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் விளையாடினேன். அவர் பின்னால் தன் கதிரையில் இருந்தார். வெளியே சப்பாத்துச் சத்தம் கிட்ட வரும், போகும், திரும்ப வரும். நான் ஒவ்வொரு பாலமாகக் கடந்தேன், பின்னாலிருந்து ஒரு தீர்ப்பும் வரவில்லை. முதலில் அது பரவாயில்லாமல் இருந்தது. பிறகு பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே மறிக்காமல் விட்டேன். எல்லாப் பொத்தானையும் ஒரேயடியாக அமத்தினேன். அப்படி அமத்தினால் அந்த மனிதர் கொதித்து எழுந்துவிடுவார். ஈட்டிக்காரி விழுந்தாள். ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை, கதவு இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை,” என்றேன், “இது பிழைதானே? ஏசுங்கோவன்.”

கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓம் என்று தலையை ஆட்டினார்.